மத்தியானம் விதைத்த பயறு

என் மைத்துனன் எனக்கு ஒரு விதைப்பு எந்திரத்தின் முழு விலையைக் கடன்பட்டிருந்தான். வட்டி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். அவளுக்கு ஒரே தம்பி.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பழைய இரும்பைச் சாக்கில் சுமந்து விற்று, இன்று எடைமேடை வைத்த சொந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவன். கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவேன். என் மைத்துனனுக்குத் தெருவே வைத்த பெயர் ‘மத்தியானம்’. அவனுக்குப் பொழுது விடிவது அப்போதுதான்.

அப்படிப்பட்டவன் காதில், உழாமலே விதைக்கலாம் என்று எவனோ ஓதிவிட்டான். நெல் அறுத்த தாள் வயலில் அப்படியே கிடக்கும். எந்திரத்தின் வட்டத் தகடு தாளை வெட்டி மண்ணைக் கீறும். கீறலில் விதை விழும். பின்னால் வரும் சக்கரம் அமுக்கி மூடும்.

“உழவே வேணாம் மாமா!” என்றான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பணத்தைக் கொடுத்தேன்.

பட்டப்பெயரைத் துடைக்க வேண்டும் என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் விதைப்புக்கு விடியுமுன்னே எழுந்தான். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பனி சொட்டச் சொட்டக் குத்தகை வயல் முழுவதிலும் பயறு விதைத்து முடித்துவிட்டு என் கடைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

“இனிமே என்ன பேரு வச்சுக் கூப்பிடுவீங்க?”

பதிலைப் பயறு சொன்னது. வழுக்கைத் தலையில் முடி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்தது.

“விதை சரியில்ல மாமா.”

“மிச்ச விதையில ஒரு பிடியை உங்க அக்கா ஈரத்துணியில கட்டி வச்சா. அத்தனையும் வால் விட்டுருச்சு. விதைமேல பழி போடாதே.”

“இன்னொரு தடவை பார்க்கிறேன்.”

“பாரு. அதுவும் முளைக்கலேன்னா எந்திரத்தை வெட்டி எடைக்குப் போட்டுருவேன்.”

“அது போச்சுன்னா நான் என்ன பண்றது?”

“தூங்கு. கைவந்த தொழில்தானே.”

எப்போதும் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை. இருந்த பணமெல்லாம் குத்தகைக்கும் விதைக்கும் போயிருந்தது. அந்த எந்திரம்தான் மிச்சம்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று வயலில் இறங்கினேன். முளைக்காத இடத்தில் கீறலைக் கத்தியால் பிரித்தேன். தாள் வெட்டுப்படவே இல்லை. இரண்டாக மடிந்து கீறலுக்குள் போய் அடைந்திருந்தது. விதை மண்ணைத் தொடாமல், வைக்கோல் மெத்தையில் சொகுசாகப் படுத்திருந்தது, தன் முதலாளியைப் போலவே.

“ஈரச் சாக்கை வெட்டியிருக்கியாடா?”

“இல்ல மாமா.”

“நான் வெட்டியிருக்கேன், ஆயிரக்கணக்குல. கத்தி வழுக்கும், சாக்கு மடங்கும். காய்ஞ்சதுன்னா நறுக்குனு போகும். பனி காயற வரைக்கும் எந்திரத்தைத் தொடாதே. தகடும் மொண்ணை. கடைக்குக் கொண்டா, தீட்டித் தர்றேன்.”

அண்ணாந்து சூரியனைப் பார்த்தான்.

“அப்போ மத்தியானம்தான் விதைக்கணுமா?”

“ஆமா.”

“இதத்தானே மாமா நான் பொறந்ததுலேர்ந்து சொல்றேன்!”

அந்த வாயை எந்தச் சக்கரத்தாலும் மூட முடியாது.

மறுபடி விதைக்கிற அன்று, உச்சி வெயிலில் கொட்டாவி விட்டபடி, எந்திரத்தை மாட்டிய வாடகை டிராக்டரை ஓட்டிப் போனான். தெருவே சிரித்தது. எந்திரம் மேலாக மிதக்காமல் மண்ணில் அழுந்த என் கடை இரும்பை ஏற்றிவிட்டேன். இரவல்தான், எடைபோட்டுத்தான் கொடுத்தேன். தகடு போன வழியில் தாள் படபடவென்று அறுந்தது. கீறலைப் பிரித்தேன்: விதையைச் சுற்றி நாலு பக்கமும் ஈரமண்.

பயறு கயிறு பிடித்த மாதிரி வரிசையாக முளைத்தது. சிரித்தவர்களே எந்திரத்தை வாடகைக்குக் கேட்டு அவன் வாசலில் நின்றார்கள், அவன் எழுந்திருக்கும்வரை.

அறுவடை முடிந்து, பயறு விற்று, ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். எந்த நேரத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அக்கா, நீயும் பக்கத்துல நின்னு பாரு. மாமா எதையும் எடைபோட்டுத்தான் வாங்குவாரு, எண்ணத் தெரியுமோ என்னமோ.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“பேச்சைக் குறைடா. எண்ணு.”

“முதல்ல கையை நீட்டுங்க மாமா.”

நீட்டினேன். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, ஊருக்கே கேட்கும்படி சத்தமாக எண்ணி, கடைசி நோட்டுவரை என் உள்ளங்கையில் வைத்தான்.