ஏழு பி, மூன்றாம் பாடவேளை

பத்தொன்பது வருஷம் இரண்டாம் மாடியில் கணக்கு நடத்தியவர், ஆறு வருஷமாகக் கீழ்த்தளத்தில் தலைமையாசிரியை. "பதவி உயர்வுன்னாங்க, பார்த்தா ரெண்டு மாடி கீழ இறக்கியிருக்காங்க" என்று அவருடைய கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். இவரும் கூடவே சிரித்துவைப்பார்.

தலைமையாசிரியைக்கு வகுப்பு கிடையாது. சுற்றறிக்கை, கூட்டம், கழிப்பறைக் குழாய், பெற்றோர் சண்டை, அவ்வளவுதான். ஆனாலும் அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆசிரியர் யாராவது வரவில்லையென்றால் வேறு ஆளைத் தேடமாட்டார். சாக்பீஸ் இரண்டை எடுத்துக்கொண்டு தானே மாடியேறிவிடுவார். வரலாற்று ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றாலும் பிள்ளைகளுக்கு அன்று கணக்குதான். "நமக்குக் காய்ச்சல்னா மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம்" என்று ஆசிரியர் அறையில் கேலி உண்டு. அதில் பொய்யும் இல்லை.

இந்த வருஷம் புதிய கல்விக் கொள்கை வந்தது. கூடவே செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றும் வந்தது. காலை எட்டரைக்குள் விடுப்பைப் பதிந்துவிட்டால், எந்த வகுப்புக்கு யார் போகவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஆசிரியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். கேட்டதையெல்லாம் கொடுக்கவேண்டும், முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நியாயமாகச் சொன்னால் மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான். அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலையை நொடியில் முடித்தான். அவனுடைய ஆசிரியர் பட்டியலில் தலைமையாசிரியை பெயர் இல்லை, அதுதான் சங்கடம்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டரிடம் போக ஒரு மணி நேரம் அனுமதி கேட்டார் அறிவியல் ஆசிரியர். மூன்றாம் பாடவேளை, ஏழு பி. "போயிட்டு வாங்க" என்று வாயால் சொன்னவர், செயலியில் பதியவில்லை. எட்டரை ஆகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று விகிதம் நடத்தினார். ஒருத்தி தப்பான வழியில் போய்ச் சரியான விடையில் வந்து நின்றாள். எப்படி வந்தது என்று வகுப்பே சேர்ந்து துருவியதில், மணியடித்தது யார் காதிலும் விழவில்லை. கிளம்பும்போது, "மிஸ், நாளைக்கும் வாங்க மிஸ்" என்றார்கள். கீழே எல்லோருக்கும் அவர் மேடம். மிஸ் என்று கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

மதியம் செயலியில் செய்தி வந்தது: ஏழு பி, மூன்றாம் பாடவேளை, ஆசிரியர் வருகை பதியப்படவில்லை, காரணம் தெரிவிக்கவும். அதைப் பார்த்துவிட்டு உதவித் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பதால் பிள்ளைகளுக்கு அவர் 'கடிகாரம்'.

"என்ன மேடம் இது? நீங்கதானே போனீங்க?"

"நான்தான். பதிய மறந்துட்டேன் சார்."

"நீங்களா? போன வருஷம் நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்ததையே இன்னும் மறக்கல நீங்க."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "வேணும்னுதான் பதியல."

கடிகாரம் கொஞ்ச நேரம் மணி பார்க்காமல் இருந்தார். பிறகு நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்தார். "இதுக்கு எதுக்கு மேடம் திருட்டுத்தனம்? உங்க பேரையும் ஆசிரியர் பட்டியல்ல சேர்த்துடலாம். வாரம் நாலு பாடவேளை. விதியில இடமிருக்கு."

"அப்போ அந்த ஏழு பியையே குடுங்க" என்றார் அவர். சொன்ன வேகம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெயரைப் பதிந்தார்கள். கணக்கு ஆசிரியர், ஒருவர் உபரி என்றது திரை. அதன் பொருள் இருவருக்கும் தெரியும். கடைசியாகச் சேர்ந்தவருக்கு இடமாற்றம். கடைசியாகச் சேர்ந்தவள், மூன்று வருஷம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்துவிட்டு, இந்த வருஷம்தான் வீட்டருகே வேலை கிடைத்து மூச்சுவிட்ட கைக்குழந்தைக்காரி.

"நாலு பாடவேளைக்கு ஒரு ஆளு உபரியா? மேல ஒரு கடிதம் போட்டுப் பார்ப்போமே மேடம்."

"பதில் வர்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன். அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே பஸ் ஏறியிருப்பா. என் பேரை எடுத்துடுங்க."

கடிகாரம் மணி பார்த்தார்.

"எடுங்க சார்."

எடுத்தார்.

செயலி கேட்ட காரணத்தை இன்னும் சொல்லவில்லை. விடுப்பு, பயிற்சி, தொழில்நுட்பக் கோளாறு, வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று நான்கு இருந்தன. விடுப்புக்கு நேரம் கடந்துவிட்டது.

"கோளாறுன்னு போட்டுடுங்க. யாரு கேக்கப்போறா?"

"அது பாவம், ஒழுங்காத்தான் வேலை செய்யுது" என்றபடி நான்காவதைத் தொட்டார். பொறுப்பு யாருடையது என்று செயலி கேட்டதற்குத் தன் பெயரைக் கொடுத்தார். உடனே ஏற்றுக்கொண்டது.

கடிகாரம் போன பிறகு மாடியில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. அடுத்த கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அது எந்த வகுப்பு என்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.