கடம் சார் புத்தகத்துக்கு சிட்லபாக்கம் சொன்ன பதில்

வாடகை நூலக வேலையில் புத்தகத்தைச் சுமப்பது சுலபம். திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு அபிப்பிராயமும் கொடுப்பார்கள் பாருங்கள், அதைச் சுமப்பதுதான் கஷ்டம்.

தண்ணி கேன் போடுகிறவர், கேஸ் போடுகிறவர், வீடு வீடாகப் போய் பெல் அடிக்கிற எல்லோருக்கும் இது புரியும். நான் ஏழாவது வரை படித்தவள். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தாம்பரத்தில் கிளம்பினால், அவளைக் கூப்பிடப் போவதற்குள் இருபது வீடு முடிக்க வேண்டும். எனக்கு யாரிடமும் பேச வராது. என்ன கேட்டாலும் "ம்" என்பேன், இல்லை சிரிப்பேன். நூலக முதலாளி அதைக் குறையாக நினைக்கவில்லை. சேர்ந்த அன்றைக்கே சொன்னார்: "பேசற பொண்ணுன்னா ஒரே வீட்டுல பொழுது போயிடும். நீதான்மா நமக்கு சரி."

சாரும் அம்மாவும்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடம் வாசிக்கிற சார் இருக்கிறார். ஐம்பத்தொரு வயதில் திடீரென்று கச்சேரிக்கெல்லாம் லீவு சொல்லிவிட்டு, கடத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாதா பஸ்ஸிலும் ரயிலிலுமாக இரண்டு மாதம் வடக்கே சுற்றிவிட்டு வந்தார். வந்து அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார். பேர் "பானையோடு பாதி இந்தியா". எங்கள் நூலகத்துக்கு மூன்று பிரதி இலவசமாகக் கொடுத்தார். மிச்ச பாதி இந்தியாவுக்குப் போக அவருக்கு ஆசை. ஆனால் யாராவது ஒருத்தராவது "அப்புறம்?" என்று கேட்டால்தான் போவாராம், இல்லாவிட்டால் பரணில் இருக்கிற பையை இறக்க மாட்டாராம்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கு வாரப் பத்திரிகை கொண்டுபோவேன். கேட்டிலேயே நிற்பார். "யாராச்சும் எடுத்தாங்களாம்மா? என்ன சொன்னாங்க?" என்பார். அவர் உள்ளே போனதும் அவர் சம்சாரம், அந்த வீட்டு அம்மா, பின்னாலேயே வந்து, என் ஸ்கூட்டி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காதோடு சொல்வார்கள்: "நல்லா இருக்குன்னு யார் சொன்னாலும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. மறுபடி கிளம்பிடுவார். போன தடவை வந்தப்ப ஒரு மாசம் முதுகுக்குத் தைலம் தேச்சது நான்."

பென்சில் வாசகர்

முதலில் எடுத்தவர் சேலையூரில் ஒரு ரயில்வே ரிடையர்ட் சார். இரண்டு வாரம் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. "இவர் ஏறினதா எழுதியிருக்கற வண்டி அந்த ஸ்டேஷன்ல நிக்கவே நிக்காது. ஓடற வண்டியிலயா பானையோட ஏறினாரு? கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் எங்கே கேட்பது? செவ்வாய்க்கிழமை கடம் சார் "என்ன சொன்னாங்க?" என்றதும், "பென்சில் வச்சுப் படிச்சாங்க சார்" என்றேன். பொய் இல்லையே. ஆனால் சார் முகம் பூரித்துப் போய், உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: "கேட்டியா? அடிக்கோடு போட்டுப் படிக்கிறாங்களாம்!"

உள்ளேயிருந்து பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. நான் ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

மும்தாஜ் அக்கா

கிழக்கு தாம்பரத்தில் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருக்கிற மும்தாஜ் அக்கா எங்கள் மெம்பரிலேயே வேகமான ஆள். மெஷினில் காலை வைத்தபடியே படிப்பார். கடம் சார் புத்தகத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டு எனக்கே போன் போட்டார், வந்து எடுத்துக்கொண்டு போ என்று.

போனால் கடையில் நாலு கஸ்டமர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிரிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நான்தான் எழுதினேன் என்பது மாதிரி எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. அக்கா சொன்னது: "ரெண்டு மாசம் ஊர் ஊராப் போயிருக்காரு. எந்த ஊர்ல எறங்கினாலும் தயிர் சாதம் எங்க கெடைக்கும்னு தேடியிருக்காரு. அதைத் தேட அவ்ளோ தூரம் எதுக்கும்மா, மேடவாக்கம் போனா போதாதா?"

அட்டைப்படம்

பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடி. அங்கே மேலே விட மாட்டார்கள், புத்தகத்தை வாட்ச்மேன் அண்ணன்தான் வாங்கி வைப்பார். அட்டையில் சார் கடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் படியில் நிற்கிற போட்டோ. அண்ணன் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார் புத்தகத்துக்கு வந்ததிலேயே மனசிலிருந்து வந்த விமரிசனம் அதுதான் என்று நினைக்கிறேன்: "இன்னாம்மா இது, இம்மாம் பெரிய பானைய அவ்ளோ தூரம் தூக்கினு போயிகீறாரு, ஒரு சொம்பு தண்ணி கூட ரொப்பிக்கலயா?"

மூன்று தடவை நீட்டித்தவர்

அதே அடுக்குமாடியில் அந்தப் புத்தகத்தை எடுத்தவர் வங்கியில் வேலை பார்க்கிற ஒரு மேடம். ஒரு வாரம், இன்னொரு வாரம், அப்புறம் இன்னொரு வாரம் என்று நீட்டித்துக்கொண்டே போனார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் கீழே இறங்கி வந்து அவரே கையில் கொடுத்தார். "என் ஹஸ்பெண்டுக்குத் தூக்கமே வராதும்மா. இதுல நாலு பக்கம் போதும், குறட்டை விட்டுடுவார். ரெண்டாம் பாகம் வந்தா முதல்ல எனக்குத்தான் கொடுக்கணும், சரியா?"

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்வது? இரண்டாம் பாகத்தை ஒருத்தர் கேட்டேவிட்டார். அதைச் சொன்னால் ஏன் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொன்னால் சார் கிளம்பிவிடுவார், அம்மா என்னைச் சும்மா விட மாட்டார்கள். அடுத்த இரண்டு செவ்வாயும் பத்திரிகையை கேட் கம்பியில் செருகிவிட்டு பெல் அடிக்காமலே ஓடிவந்தேன். பென்சில்காரருக்கு அப்புறம் யாருமே படிக்கவில்லை என்று சார் நினைத்துக்கொண்டாராம். முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்: "அந்த மூணு புத்தகத்தையும் திருப்பி அனுப்பிடுங்க சார். இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

எழுபதாம் பக்கம்

திருப்பிக் கொடுக்க வேண்டிய மூன்றும் என் பையில் இருந்தன. அன்றைக்கு அங்கன்வாடிக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். மழைத் தூறல். வாசல் தகர ஷீட்டுக்கு அடியில் நின்று, சும்மா நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். எனக்கு வரிக்கு அடியில் விரல் வைத்தால்தான் படிக்க வரும். ஏதோ ஒரு ஊர், பேர் சரியாக வாயில் நுழையவில்லை. ராத்திரி பஸ். சாருக்குப் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். குழந்தை அழுகிறது, பஸ்ஸே திரும்பி அவளை முறைக்கிறது. அவள் கூனிக் குறுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எனக்கு அந்த முறைப்பு தெரியும். என் மகளைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போன நாளெல்லாம் நானும் அப்படித்தான் ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

சார் துணியை விலக்கி, கடத்தில் மெதுவாக இரண்டு விரலால் தட்டுகிறார். குழந்தை நிறுத்துகிறது. இவர் நிறுத்தினால் அது ஆரம்பிக்கிறது. விரல் வலிக்க வலிக்க ஊர் ஊராகத் தட்டிக்கொண்டே போகிறார். அந்தப் பெண் சீட்டில் சாய்ந்து தூங்கியேவிட்டாள். அவள் இறங்க வேண்டிய ஊரை கண்டக்டர் கூவுகிறார். எழுப்பலாமா, தட்டுவதை நிறுத்தலாமா என்று சார் யோசிக்கிறார்... "அம்மா!" என்று என் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். மூடிவிட்டேன்.

மறுநாள் செவ்வாய். பெல் அடித்தேன். சார் வந்து ஒன்றுமே கேட்கவில்லை. நான் நீட்டிய மூன்று புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"அந்தப் பொண்ணு எறங்கிடுச்சா சார்?"

என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எந்தப் பொண்ணும்மா?"

"கொழந்தையோட... பஸ்ஸுல. எழுபதாம் பக்கம். அப்புறம் என்ன ஆச்சு சார்?"

சார் திரும்பி வந்தார். ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்து என் பையில் திரும்ப வைத்தார். "சொல்ல மாட்டேன். படி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். பரணுக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஊரே பேசினாலும் நீ ஒருத்தியாவது வாயைத் திறக்க மாட்டேன்னு மலை மாதிரி நம்பியிருந்தேனேம்மா!"

மூன்று வருஷத்தில் ஒரு வாசலில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கே ஒரு மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றால், தினமும் பேசுகிறவர்கள் எல்லாம் அப்படி என்னதான் பேசுகிறார்களோ, தெரியவில்லை.