தட்டில் பிடித்த சூரியக் காற்று

ஊர் ஊராகப் போய் அறிவியல் பேசியவர்களுக்குத் தெரியும்: ஆள் சேரும் நாளில் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கும் நாளில் ஆள் சேராது.

தட்டு

திருப்புலிவனத்தில் அன்று நல்ல கூட்டம். சூரியனிலிருந்து வீசும் மின் துகள் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதுவதையும், அங்கே உண்டாகும் அதிர்ச்சி அலையையும் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. படமும் போனது, என் பேச்சும் போனது.

என்னோடு வந்த இயற்பியல் டீச்சர் மெஹருன்னிசா, உத்திரமேரூர் ஜவுளிக்கடைக் குடும்பம், ஒரு நசுங்கிய எவர்சில்வர் தட்டும் சொம்புத் தண்ணீரும் வாங்கினார். தட்டில் ஒரே சீராக ஊற்றினார். விழுந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்லிசாக, வேகமாக ஓடியது. சற்றுத் தள்ளி ஒரு வளையம். அதைத் தாண்டியதும் வேகம் குறைந்து தடித்தது. “இந்த வளையம்தான் அதிர்ச்சி அலை. இதைத் தாண்டினா காத்து அடங்கிடும். ஆனா, நசுங்கின இடத்துல பாருங்க” என்றார். அங்கே வளையம் கோணலாகி, ஒரு தாரை மட்டும் வேகம் குறையாமல் பாய்ந்தது. வானத்திலும் இப்படித்தான், அதிர்ச்சி அலை நெளிந்த இடத்தில் தாரைகள் பாய்கின்றன. நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல முயன்றது அதைத்தான்.

முன்வரிசை அம்மா ஒருவர் சொன்னார்: “எல்லாரையும் தடுத்து நிறுத்துது, ஒருத்தன் மட்டும் சந்துல பூந்து ஓடிடறான். அதானே டீச்சர்?”

மூடிய கதவு

சூரியனில் புயல் என்று பேப்பரில் வந்த வாரம். பக்கத்துக் கிராமத்தில் தேவகி என்ற நிறைமாதப் பெண்ணுக்குக் காலையிலேயே வலி கண்டுவிட்டது. வெளியே வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் கதவைத் தாழ் போட்டுவிட்டார். அந்த ஊருக்குப் பேச வந்திருந்த எங்களை அக்கம்பக்கத்தார் அழைத்துப் போனார்கள். நான் மாமியாரிடம் காந்தப்புலத்திலிருந்து ஆரம்பித்தேன். உள்ளே தேவகி அலறினாள்.

மெஹருன்னிசா வாசலில், உச்சி வெயிலில் போய் நின்றார். “பெரியம்மா, எனக்கும் ஆறு மாசம். காலைலேர்ந்து வெயில்லதான் சுத்திக்கினு கீறேன். நம்ம மேல காத்து மண்டலம் போர்வை மாதிரி கீது, அந்தப் புயல் தரைக்கு வராது. புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.”

அவர் குரல் நடுங்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது. மாமியார் தெருவைப் பார்த்துக் கத்தினார்: “இன்னாடா பார்த்துக்கினு நிக்கிறீங்க, ஆட்டோவக் கூப்பிடுங்க! டீச்சரும் கூட வரணும்!”

ஆஸ்பத்திரியில்

தாயும் பிள்ளையும் நலம். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனோம். மாமியார் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் காத்து இனிமே எப்போ வரும்மா?” என்றார். பொய் சொல்லத் தெரியாத மெஹருன்னிசா, “அது தினமும் வீசிக்கினுதான் கீது” என்றார்.

“அடிப்பாவி, இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கதவையே தெறந்திருக்க மாட்டனே!”

எதைச் சொல்ல வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகப் படித்தேன். எதை எப்போது சொன்னால் போதும் என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்றதால், அந்தப் படிப்பும் வீண்போகவில்லை.