லீவு குடு

திருப்பூருக்கு வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைக்கு வரும் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்பார்கள். எங்கள் தென்காசிப் பக்கம் பிள்ளைகளிடம் வா, போதான். ஆனாலும் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் நானும் "எடுங்க, மடிங்க" என்று பழகிக்கொண்டேன்.

பீகாரிலிருந்து அயர்ன் டேபிளுக்கு வந்த ஒருவரிடம் மட்டும் அந்த "ங்க" வரவில்லை. என்னைவிட மூத்தவர். மனைவி, குழந்தையோடு லைன் வீட்டில் குடியிருந்தார். சுருக்கமாகச் சொன்னால்தான் புரியும் என்று "எடு, வை, குடு" என்றேன். புரியாவிட்டால் அதையே சத்தமாகச் சொல்வேன். அவர் கற்ற தமிழ் அதுதான்.

ஒருநாள் காலை, சரக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தபோது என் முன்னால் வந்து நின்றார்.

"லீவு குடு."

பக்கத்து டேபிள்களில் சிலர் சிரித்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது. முடியாது என்றேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் சத்தமாக அதையே சொன்னார். யாரிடம் பேசுகிறாய் என்று கத்தி, டேபிளுக்கு விரட்டினேன். சாயங்காலம்வரை தேய்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. செக்கிங்கில் இருந்த உள்ளூர் அம்மா ஒருவர் அவருக்குப் பக்கத்து வீடு. அந்த அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். குழந்தைக்கு வாந்தியும் காய்ச்சலுமாம். முந்தின நாள் பகலில் மனைவி மட்டும், பாஷை தெரியாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அவர் லீவு கேட்ட விதம் திமிராக இருந்ததே என்று நான் இழுத்தேன்.

"அவருக்கு வேற எப்படிக் கேக்கத் தெரியுமுங்க? நீங்க பேசறதைத்தானுங்க அவரும் பேசறாரு."

பள்ளியில் ஏவலையும் வியங்கோளையும் பிரித்தெழுதி மார்க் வாங்கியவள் நான். அவருக்கு ஏவ மட்டும் சொல்லித் தந்திருந்தேன். வேண்டிக் கேட்க ஒரு சொல்கூடத் தரவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அவர் திரும்பி வந்த அன்று "வாங்க, உக்காருங்க" என்றேன். வேறு யாரையோ அழைக்கிறேன் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரைத்தான் என்று கைகாட்டியதும் மிரண்டுபோனார். மன்னிப்புக் கேட்க அவர் பாஷையில் எனக்கு வார்த்தை தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

அதன்பிறகு அவர் என்னிடம் தமிழில் எதுவும் கேட்டதில்லை. லீவு வேண்டுமென்றால் செக்கிங் அம்மாவைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அந்த அம்மா கேட்பார். முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிடுவேன்.