மொகத்தக் காட்டலையே

சிவகாசி பஸ்ஸில் எங்களோடு வரும் அந்த அக்கா, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுபவர். நகத்தில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டேதான் பேசுவார்.

நாங்கள் போனில் பார்த்த மர்மத் தொடரின் முதல் சீசன், கதாநாயகன் எரிந்து கிடப்பதோடு முடிந்தது. கொன்றவன் யாரென்று ஒரு வருஷம் சண்டை போட்டோம். அக்கா மட்டும், “செத்தது அவன் இல்லப்பா. மொகத்தக் காட்டலையே?” என்பார்.

இரண்டாவது சீசன் தொடங்கியதும் டிஎன்ஏ டெஸ்ட்டில் அது அவன்தான் என்று தெரிந்துவிட்டது.

“தோத்துட்டீகளேக்கா!” என்று சிரித்தேன்.

“ஆலை வெடிச்சப்ப எங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட்டு எடுத்துத்தான் துணியில சுத்திக் குடுத்தாக. மொகத்தக் காட்டல. நான் நம்பவே இல்ல. அப்ப அவுகளும் வரமாட்டாகளாப்பா?”

நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். நகத்தில் பசையே இல்லை; அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.