ஏலகிரியில் தட்டினேன், மாம்பலத்தில் கேட்கவில்லை

ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினால் சென்னையில் அதற்குப் பெயர் குளிர்காலம். மார்கழி பிறந்ததும் மேற்கு மாம்பலத்தில் பால் பாக்கெட் வாங்க வருகிறவர்கள்கூட பனிமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வருவார்கள். கீழே பார்த்தால் லுங்கியும் ரப்பர் செருப்பும். குளிர் கழுத்துக்கு மேலேதான் அடிக்கும்போல. அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த நான் நிஜமான குளிரில், ஏலகிரி உச்சியில், ஒரு பாறை மேல் உட்கார்ந்து ரேடியோவில் மோர்ஸ் தந்தி தட்டினேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. எங்கள் ஃப்ளாட் மொட்டைமாடியில் நான் கட்டிவைத்த ஒரு கம்பியைக் காப்பாற்றப் போனேன்.

தி.நகரில் மொபைல் கவர் விற்கிற கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கும் நானும் இரண்டாம் வருஷத்தில் பேசிப் பிரிந்துவிட்டோம். ரேடியோ பைத்தியம் மட்டும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பாஸான பரீட்சை அது ஒன்றுதான். அப்பா நம்பவில்லை. லைசென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்க்கிற மாதிரி.

மோர்ஸை நான் புள்ளி, கோடு எண்ணிப் படிக்கவில்லை. எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். கானாப் பாட்டு மாதிரி வாயாலேயே டிடிடா டிடிடா என்று பாடிப் பாடி ஏற்றிக்கொண்டேன். இந்த மோர்ஸ் உலகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இங்கிலீஷை எல்லோரும் என்னை மாதிரியேதான் எழுதுவார்கள், பாதி எழுத்தை முழுங்கி. இருபது வயசுப் பையனாக இருந்தாலும் உன்னை 'கிழவா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதுதான் அங்கே மரியாதை. சிரிக்க வேண்டுமென்றால் 'ஹி ஹி' என்று தட்ட வேண்டும். பொய்யும் தாராளம். உன் சத்தம் கிணற்றுக்குள் கொசு மாதிரி கேட்டாலும் 'ஐந்து ஒன்பது ஒன்பது, பிரமாதமாகக் கேட்கிறது' என்று அடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே 'பெயரைத் திரும்பச் சொல்லவும்' என்பார்கள். கல்யாண ரிசப்ஷனில்கூட இவ்வளவு பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று. நீ என்ன படித்தாய், எந்த காலேஜ் என்று அங்கே இதுவரை ஒருவன்கூட என்னைக் கேட்டதில்லை. மாம்பலத்தில் கீரைக்காரம்மா முதற்கொண்டு கேட்பார்கள்.

அதற்காகத்தான் அந்தக் கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட செப்புக் கம்பி. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பைப்பும் படிக்கட்டு அறை மேல் ஒரு பைப்புமாக நட்டு, இரண்டு பக்கமும் நைலான் கயிறு போட்டு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தேன். நடுவிலிருந்து ஒரு கேபிள் இறங்கி எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வரும். காக்காய்க்குக்கூட அது தொந்தரவாக இல்லை. அசோசியேஷனுக்கு இருந்தது.

எங்கள் அசோசியேஷன் கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் நடக்கும். செகரட்டரி எங்களுக்கு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. ரூபாய் கணக்கில் புலி, மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம்.

"ஏல, மேல கம்பி கட்டிருக்கியே, அது என்னத்துக்கு?"

"ரேடியோவுக்கு அண்ணாச்சி. உலகம் பூரா பேசலாம்."

"என்ன பேசுவ?"

"இன்னிக்கு வெயிலா, மழையான்னு கேப்போம்."

"இத கேக்கவா கம்பி? டிவில சொல்லுதானே."

இரண்டாம் மாடி மாமி எழுந்தார். "அந்தக் கம்பி வந்ததுலேர்ந்து எனக்கு சுகர் ஏறிடுத்து. ரேடியேஷன்."

"மாமி, சக்கர கம்பில இல்ல. முக்குல ஒரு ஸ்வீட் ஸ்டால் கீது பாருங்க, அதுல கீது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மோட்டார் நின்றுபோவது, லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொள்வது, முதல் மாடிக் குழந்தை கணக்கில் மார்க் குறைந்தது என்று எல்லாவற்றையும் கம்பியின் தலையில் எழுதிவிட்டார்கள். அண்ணாச்சி முடிவாகச் சொன்னார்:

"எலே, பிரயோசனம் உண்டுன்னு காட்டு, இருக்கட்டும். இல்லன்னா அவுத்துப் போட்ரு."

"காட்டறேன் அண்ணாச்சி. வர்ற ஞாயித்துக்கிழம நான் ஏலகிரி உச்சிலேர்ந்து தட்டறேன். இங்க எங்க வீட்டு ரேடியோவுல நீங்க எல்லாரும் கேளுங்க. கேட்டா கம்பி இருக்கணும். கேக்கலன்னா நானே கழட்டிடறேன்."

ஆதம்பாக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற பரங்கிமலையைச் சொல்லியிருக்கலாம். நடந்தேகூடப் போய் வந்திருக்கலாம். பெரிதாகச் சொன்னால்தான் வாய்க்குத் திருப்தி. ஏலகிரி என்று வந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போக ஒரு கார் இருந்தது.

காரின் சொந்தக்காரர் மயிலாப்பூர் மாமா. பேங்க்கில் ரிட்டயரானவர், அவரும் ரேடியோக்காரர். மூன்று ரேடியோ வைத்திருந்தார், மூன்றுக்கும் தனித்தனியாக வெல்வெட் உறை. வருஷா வருஷம் மார்கழியில் மயிலாப்பூரே கச்சேரி கேட்கப் போகும்போது இவர் மட்டும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். தன் பழைய குட்டி ரேடியோ ஒன்றை எனக்குக் கடன் கொடுத்தார். என்னுடையது மாம்பலத்தில் இருக்க வேண்டுமே.

அங்கே உட்கார வைத்தது என் மச்சியை. ஆதம்பாக்கத்தில் இருக்கிறான், என்னோடு அதே கடையில் வேலை. மோர்ஸில் ஒரு எழுத்து தெரியாது. லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியின் ராகத்தை மட்டும் ஒரு வாரம் கடையில் அவன் காதுக்குள் பாடி ஏற்றினேன். கடைசியில் கஸ்டமரிடம், "டெம்பர்டு கிளாஸ் டிடிடிடா நூத்தம்பது ரூபா" என்று சொல்கிற அளவுக்கு ஏறிவிட்டது.

சனிக்கிழமையே போய்த் தங்கிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் உச்சிக்கு ஏறும்போது மாமா மூச்சு வாங்கினார், நான் மூட்டை வாங்கினேன். மடக்கு நாற்காலி, குடை, காபி பிளாஸ்க், மூங்கில் தட்டில் இட்லி, முதுகுக்கு ஒரு தலையணை. ரேடியோ எல்லாவற்றுக்கும் கீழே எங்கோ இருந்தது. உச்சியில் பனி பாறையை நனைத்து வைத்திருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கமாக வெளியே போனது. மாமாவின் குரங்குக் குல்லாவைக் கேலி செய்துகொண்டே வந்தவன் நான். மாமா இன்னொரு குல்லாவை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அது இன்னும் எரிச்சல்.

ஆன்டெனாவுக்கென்று கொண்டுவந்த மடக்குத் தூண்டில் கம்பை நிமிர்த்தி, அதிலிருந்து கம்பியைச் சரிவாக இழுத்துக் கட்டினேன். இரண்டு டூரிஸ்டுகள் வந்து நின்றார்கள்.

"அண்ணா, மீன் பிடிக்கறீங்களா?"

"ஆமா. மேகத்துல நெத்திலி மாட்டுது."

தலையாட்டிவிட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்கு மச்சி போன் செய்தான். "எல்லாரும் வந்துட்டாங்கடா. அண்ணாச்சி சேர் போட்டு குந்திகினு கீறாரு. மாமி தூரமா நின்னுகினு கீது, ரேடியேஷனாம். ஸ்டார்ட் பண்ணு."

போனை வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தேன். விரல் விறைத்துப் போயிருந்தது. தட்ட வேண்டியதை மூளை சொல்ல, கூட இரண்டு புள்ளியைக் குளிர் தன் பங்குக்குப் போட்டது. அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். நிறுத்திக் கேட்டால் ஒருவன் பதில் சொல்கிறான். சைபீரியாக்காரன். சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி கணீரென்று. அங்கே மைனஸ் இருபத்தெட்டாம். இங்கே எவ்வளவு என்று கேட்டான். பன்னிரண்டு, ரொம்பக் குளிர் என்று அனுப்பினேன். ஹி ஹி, ஹி ஹி, ஹி ஹி என்று அடித்துக்கொண்டே இருந்தான். அவனை நிறுத்துவதற்குள் ஒரு ஜப்பான்காரன் வந்தான். அவனும் கணீர். டிபன் பாக்ஸ் அளவு ரேடியோ, பைக் பேட்டரி, ஒரு துண்டுக் கம்பி. நெஞ்சு இரண்டு இஞ்ச் ஏறிவிட்டது. மாம்பலத்தில் அண்ணாச்சியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"இன்னா மச்சி, கேட்டுச்சா? ஜப்பானே கேட்டுட்டான்!"

"ஒண்ணியும் கேக்கலடா. சொர்ர்ருனு கீது. பஜ்ஜி போடற மாதிரி."

"வால்யூம் ஏத்து."

"ஏத்தனா பஜ்ஜிதான் ஜாஸ்தியா கேக்குது."

திரும்பத் தட்டினேன். கேட்கவில்லை. மெதுவாகத் தட்டினேன். கேட்கவில்லை. மச்சி கையிலிருந்து போனை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

"ஏல, நான் பேசுதது கேக்குதா?"

"நல்லா கேக்குது அண்ணாச்சி."

"நீ பேசுததும் எனக்கு நல்லா கேக்குது. நீ மலை உச்சில நிக்க, நான் மாம்பலத்துல இருக்கேன். கம்பி இல்ல, ஒண்ணுமில்ல. பெறவு என்னத்துக்குலே அந்தக் கம்பி?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் நான்கு கோடும் முழுசாக இருந்தது. ஒரு கோடு குறைவாக இருந்திருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க அண்ணாச்சி," என்றேன்.

"பத்து மணிக்குக் கடை திறக்கணும். வெரசா பாரு."

மாமா அதுவரை தன் ரேடியோவில் முழுகியிருந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே கேட்டார். "என்னடா, மூஞ்சி அஷ்டகோணலா போயிடுத்து?"

"மாம்பலத்துல கேக்கல மாமா."

"எதுல தட்டிண்டிருக்கே?"

"பதினாலு மெகாஹெர்ட்ஸ்ல."

மாமா காபியை முழுங்காமல் என்னைப் பார்த்தார். "மாம்பலத்துக்கா? அது மேலே ஆகாசத்துல மோதித் திரும்பி தூரத்துல போய்னா விழும். ஜப்பான்ல விழும். நடுவுல இருக்கற மாம்பலத்தைத் தாண்டிப் போயிடுமே! பக்கத்து ஊருக்கு ஏழுலன்னா தட்டணும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா மாமா?"

"நீ எங்கடா கேட்டே? காலம்பறலேர்ந்து என் குல்லாவைத்தானே கேலி பண்ணிண்டிருந்தே."

ஏழுக்கு இரண்டு மடங்கு நீளக் கம்பி வேண்டும். மாமாவிடம் இருந்தது. எங்கே? கீழே, காரில், வெல்வெட் பையில். நாற்காலியையும் குடையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்தவர் கம்பியைக் காரில் விட்டுவிட்டார். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். ஈரப் பாறையில் இரண்டு தடவை உட்கார்ந்தே சறுக்கினேன். பாதி வழியில் போன் அடித்தது.

"வுட்டுரு மச்சி. அண்ணாச்சி எழுந்து பூட்டாரு. இன்னிக்கே கழட்டணும்னு சொல்லிட்டாரு."

"நீ இன்னாடா சொன்ன?"

"சரின்னேன். நீதான கழட்டறேன்னு வாக்கு குடுத்த?"

படிக்கட்டு மாதிரி இருந்த ஒரு பாறையில் அப்படியே உட்கார்ந்தேன். கடை முடிந்து வந்து டி.வி. பார்த்துக்கொண்டே சாகப் போகிற சாயங்காலங்கள் வரிசையாக வந்து நின்றன. வீட்டில் ஹால் அப்பாவுக்கு, உள்ளறை அக்காவுக்கும் அம்மாவுக்கும். ஜன்னல் ஓரம் அந்த ஒரு மேஜைதான் எனக்கு. கம்பி இல்லாவிட்டால் அது வெறும் மேஜை. மேலேயிருந்து மாமா கத்தினார், "டேய், வர்றச்சே கார்லேர்ந்து சட்னி டப்பாவையும் எடுத்துண்டு வா!"

மறுநாள் ஊருக்கு வந்ததும் நேராக மொட்டைமாடிக்குப் போனேன். பைப்புகள் மொட்டையாக நின்றன. கம்பி சுருட்டிக் கிடக்கும் என்று தேடினேன். கிடக்கவில்லை. அதே கம்பி, அதே நைலான் கயிற்றோடு, தொட்டிக்கும் படிக்கட்டு அறைக்கும் நடுவில் தோள் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. அண்ணாச்சி வீட்டுப் போர்வைகளும் மாமியின் மடிசார் புடவையும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் தொங்கிய கேபிளில் யாரோ கிளிப் கூடையை மாட்டியிருந்தார்கள்.

மச்சிக்குப் போன் போட்டேன். "இன்னாடா இது?"

"கழட்டி சுருட்டிதான் வெச்சேன். அண்ணாச்சி சம்சாரம் வந்து, நல்ல கம்பி, துரு புடிக்காது, இங்கியே கட்டுப்பான்னுச்சு. கட்டிட்டேன். ஆன்டெனாதான் கூடாதாம். துணி காயப்போடற கொடி அசோசியேஷன் சொத்தாம்."

கேபிளின் இன்னொரு நுனி எங்கள் ஜன்னலில் அப்படியே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ரேடியோவில் மாட்டிப் பார்த்தேன். போர்வைகள் ஈரமாக இருந்தவரை ஒன்றும் உருப்படியாகக் கேட்கவில்லை. வெயில் ஏறி அவை காய்ந்ததும், மெலிதாக ஒருவன் எங்கிருந்தோ தட்டுவது கேட்டது. பதில் தட்டினேன். இரண்டு தடவை தட்டிய பிறகு திரும்ப என்னைக் கிழவா என்று கூப்பிட்டான்.

இப்போது லீவு நாட்களில் மொட்டைமாடியில்தான் இருக்கிறேன். காய்ந்ததை எடுத்து மடித்து வீடு வீடாகக் கொடுக்கிறேன். தூறல் விழுந்தால் முதலில் ஓடுகிறவன் நான். போன வாரம் மாமியே எனக்கு ரவா லட்டு கொடுத்தார், தான் சாப்பிடக் கூடாதாம். அண்ணாச்சி தோளில் ஒரு ஈர ஜமக்காளத்தோடு படியேறி வந்து, அவர் வீட்டுப் போர்வையை நான் உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இப்பத்தாம்லே உருப்படியா ஒரு வேல பாக்க. அந்தக் கம்பிய அவுத்ததும் புத்தி வந்துட்டு பாத்தியா?"

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "அந்த ஜமக்காளம் எப்ப காயும்?"