கூரை வீட்டில் ஒரு தோட்டா மேசை

வெடிமருந்து நெருப்பைக் கண்டால் என்ன செய்யும் என்று பழவேற்காட்டுக் கோட்டையில் வேலை பார்த்த எவனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டா சுற்றும் அறைக்கு ஒரு முழத்துக்கும் மேல் கனமான செங்கல் சுவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இடுப்பில் சாவி, கத்தி எது இருந்தாலும் காவல்காரனிடம் கொடுத்துவிட வேண்டும். சுருட்டுப் பிடிக்கிறவனை அந்தப் பக்கமே அண்டவிட மாட்டார்கள். ஒல்லாந்தர்களுக்கு மருந்தென்றால் அவ்வளவு பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயம் கோட்டை அகழியைத் தாண்டி எங்கள் குப்பம் வரைக்கும் வராது என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். பிறந்தது கடல் தொழில் செய்கிற வீட்டில். முகத்துவாரத்தில் அலை புரட்டிப்போட்ட கட்டுமரம் என் வலது முழங்கால்மேல் விழுந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப்பின் அந்தக் கால் மடங்கவேயில்லை. மண்டிபோட முடியாதவனுக்குக் கட்டுமரத்தில் என்ன வேலை? ஆனால் வலை பின்னிய விரல்கள் அப்படியே இருந்தன. கோட்டையில் தோட்டா சுற்ற நிதானமான கை வேண்டுமென்று தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். காகிதத்தைக் கட்டையில் சுற்றிக் குழலாக்கி, ஈயக்குண்டை வைத்து நூலால் கட்டி, மருந்தைப் போட்டு முனையை மடிப்பது. பத்து வருஷம் அதையே செய்தேன். என் கையில் ஒரு தோட்டாகூடப் பிரிந்ததில்லை.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் தோட்டா அறையின் கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதே சமயத்தில் கப்பலிலிருந்து மூன்று பீப்பாய் தோட்டாக்கள் வந்தன. கடல் தண்ணீர் பட்டு ஊறிப்போனவை. ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டைத் தனியே எடுத்து, மருந்தை உலர்த்தி, புதுக் காகிதத்தில் மறுபடியும் நிரப்ப வேண்டும். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி என்னைத் தேடிக் குப்பத்துக்கே வந்தார். அவர் அதுவரை எங்கள் தெருவில் கால் வைத்ததில்லை.

"ஒரு மாசம்தாம்ப்பா. அறையைக் கட்டி முடிக்கிற வரிக்கும் உன் வூட்லயே ஒரு மேசையப் போட்டு வேலையப் பாரு" என்றார்.

"ஐயா, எங்களுது ஓலைக் கூரை. அக்கம்பக்கத்துல அடுப்பு எரிஞ்சிக்கினே கீது."

"பத்து வருசமா கோட்டையில கீற. உனக்குத் தெரியாத பக்குவமா? உன்ன நம்பித்தான் தொரைகிட்டயே சொல்லிட்டேன்."

கோட்டைத் துரைக்கு என்னைத் தெரியும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சரியென்று தலையாட்டினேன். இந்தக் கதையில் நான் முதலில் கோபப்பட வேண்டிய ஆள் நான்தான்.

மேசையை நன்றாகத்தான் போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. வீட்டுக்குப் பின்புறம் வலை போட்டுவைக்கிற அறையைக் காலி செய்தேன். உடைந்த படகொன்றின் பலகைகளை வாங்கிவந்து இழைத்து, ஆணி ஒன்றுகூட அடிக்காமல் மரமுளை வைத்தே இணைத்தேன். மடங்காத காலோடு நின்றபடி வேலை செய்வதற்குத் தோதாக உயரம் வைத்தேன். மருந்து தரையில் சிந்தாதபடி சுற்றிலும் விரல் உயரத்துக்குச் சட்டம் பதித்தேன். இடது கைக்குக் காகிதம், வலது கைக்குக் குண்டுச் சட்டி, நடுவில் சுற்றும் கட்டை. விளக்குக்கு இடமே கிடையாது என்பதால் வடக்குச் சுவரில் ஒரு சன்னல் திறந்தேன். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். பீப்பாய்களை வீட்டுக்குள் வைக்கவில்லை. கொல்லையில் பள்ளம் தோண்டி, ஈர மணல் பரப்பி இறக்கினேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு மருந்துக்குமேல் எந்த நேரத்திலும் மேசைக்கு வராது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா இது, வூடா, கோட்டையா?"

"ஒரு மாசம்தான். உள்ள வர்றப்ப மட்டும் மெட்டியக் கழட்டி வெச்சிட்டு வா."

அவள் முகம் மாறிவிட்டது. "நீ உசுரோட கீறப்பவே கழட்டச் சொல்றியா? உன் மேசையும் நீயும்! அந்த அறைக்குள்ள நான் காலே வெக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே ஒருநாளும் வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. புருஷன் கடலோடு போன பிறகு, ஏரி இறாலை வாங்கி அவித்துக் காயவைத்து விற்றுத்தான் பிழைத்தாள். அவளுடைய பெரிய அடுப்பு எங்கள் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். 

"ஒரு மாசம்தானே தம்பி? நான் ஏரிக்கரையில போட்டுக்கிறேன்" என்றாள். மறுநாள் அண்டாவை இரண்டு பேர் தூக்க, அடுப்புக் கற்களைத் தானே கூடையில் சுமந்துகொண்டு போனாள். நல்ல தண்ணீரையும் விறகையும் குப்பத்திலிருந்து ஏரிக்கரைக்குத் தினமும் தலையில்தான் கொண்டுபோனாள்.

ஒரு மாதம் ஆனது. இரண்டாயிற்று. மழை ஓய்ந்து வாடைக்காற்று வந்தது. துபாஷியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "சுண்ணாம்பு வரல" என்றார். பிறகு "கொத்தனாருக்கு ஜுரம்" என்றார். மூன்று பீப்பாய் முடிவதற்குள் இன்னும் மூன்று வந்திறங்கின. நானும் சுற்றிக்கொண்டே இருந்தேன். எங்கள் தெருவில் பொங்கலுக்குக்கூட வாசலில் பானை வைக்கவில்லை. எல்லாரும் கரைக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சீக்கிரம் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் காலையில் அவள் வாசலில் உட்கார்ந்து கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"வாயில இன்னாடி?" என்று மனைவி கேட்டாள்.

பிள்ளை வாயைத் திறந்து காட்டியது. நாக்கின்மேல் ஈயக்குண்டு. எப்போது அறைக்குள் போனாளோ, எப்போது எடுத்தாளோ. நான் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன்.

"நைனா, அது மிட்டாயி" என்று அழுதாள்.

என் மனைவி கத்தவில்லை. பிள்ளையின் வாயை மூன்று தரம் கழுவினாள். பிறகு என்னிடம், "இன்னைக்குப் போயி கேளு. அந்த அறை எப்ப முடியும்னு தெரிஞ்சிக்கினு வா. இல்லன்னா நான் புள்ளையத் தூக்கிக்கினு ஆரம்பாக்கத்துக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

துபாஷியைத் தேடவில்லை. நேராகத் தோட்டா அறைக்கே போனேன். பீப்பாயைக் கொண்டுவருவதும் சுற்றிய தோட்டாவை எடுத்துப்போவதும் துபாஷியின் ஆட்கள்தான் என்பதால், நாலு மாதத்தில் நான் அந்தப் பக்கம் போவது அதுதான் முதல்தடவை.  கூரை சரியாகியிருந்தது. புதுச் சுண்ணாம்புகூட வெளுத்துப் பழசாகியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் நின்று வேலை செய்த இடத்தில், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் துணிப்பொதிகள். சாயத்துணிகள். காவல்காரன் என் பழைய சிநேகிதன். யாருடையது என்று கேட்டேன்.

"துபாஷியோடதுதான். கப்பல் வர்ற வரிக்கும் ஈரம் படாம இருக்கணும்னு வெச்சிக்கீறாரு. கூரை வேஞ்சி எவ்ளோ நாளாச்சி, உனக்குத் தெரியாதா?"

 துபாஷி சுங்கச் சாவடியில் இருந்தார். போய்க் கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

"துணி நனைஞ்சா யாருப்பா பதில் சொல்றது? உன் வூட்ல வேல நல்லாத்தானே நடக்குது?"

துணி நனையக்கூடாது. குப்பம் எரிந்தால் பரவாயில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அதற்கு வேறு அர்த்தம் இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்தேன். அங்கேயே நாலு வார்த்தை கேட்காமல் வந்தேனே என்று வழியெல்லாம் என்மேலேயே எரிச்சல். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் துபாஷியின் ஆள் வந்தான். துபாஷி மகளுக்கு மறுநாள் ராத்திரி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏரி வழியாகப் படகில் வந்து எங்கள் குப்பத்துத் துறையில்தான் இறங்குகிறார்களாம். தீவட்டியும் வாணமுமாக எங்கள் தெரு வழியாக ஊர்வலம் போகுமாம்.

"அதனால உன் கொல்லையில கீற பீப்பாயெல்லாம் விடியறதுக்குள்ள வேற எங்கனா கொண்டுபோயி வெச்சிடணும்னாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க பயப்படுவாங்களாம்."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று என்னைப்போலவே தெரியும். நாலு மாதம் என் பிள்ளை தூங்கிய இடத்தில், ஒரு நாழிகை நடந்துபோகக்கூட அவருடைய சம்பந்திக்குப் பயம்.

என் மனைவி கட்டின மூட்டையை அவிழ்த்தாள். "எங்கனா வெக்கணும்னுதானே சொன்னாரு? அவுரு வூட்லயே வெப்போம். அது மெத்தை வூடு, ஓலை கெடையாது, கல்லுச் சுவரு" என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். மிச்சமிருந்தது இரண்டு பீப்பாய். ஈரச் சாக்குகளால் சுற்றி, மூங்கிலில் கட்டி, குப்பத்து ஆட்கள் எட்டுப் பேர் வெறுங்காலோடு சுமந்தார்கள். முன்னால் நான் நொண்டிக்கொண்டு போய், எதிரில் வருகிறவர்களிடம் சுருட்டை அணைக்கச் சொன்னேன். பின்னால் என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள்.

துபாஷி வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போகவில்லை. எதிர்ப்புறம் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் இறக்கச் சொன்னேன். எனக்கு அவர்களைக் கொல்லும் ஆசையில்லை. பிறகு சத்தமாகச் சொன்னேன்: "ஐயா, மருந்து வந்திருக்குது. அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க."

சமையல்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். பந்தல்காரர்கள் ஏணியோடு நின்றார்கள். துபாஷி பட்டு வேட்டியோடு வெளியே வந்தார்.

"பைத்தியமா உனக்கு? வூட்ல பொண்டு புள்ளைங்க கீறாங்கடா!"

"எங்க வூட்லயும் கீறாங்கய்யா" என்றேன்.

என் மனைவி முன்னால் வந்தாள். "நாலு மாசமா கீறாங்க. எம்புள்ள குண்ட வாயில போட்டுக்கினு வெளாடுது. உன் துணியெல்லாம் சௌக்கியமா?"

கல்யாணத்துக்கென்று முந்தின இரவே வந்து தங்கியிருந்த ஒல்லாந்து அதிகாரி ஒருவர் அந்தச் சத்தத்தில் வெளியே வந்தார். வாயில் புகைக்குழாய். துபாஷி அவரிடம் ஏதோ படபடவென்று சொன்னார். பத்து வருஷத்தில் நானும் அவர்கள் பேச்சில் பத்து வார்த்தை பொறுக்கி வைத்திருந்தேன். மருந்து என்றேன். என் வீடு என்றேன். நாலு விரலைக் காட்டி மாதம் என்றேன். கோட்டையைக் காட்டி, அறை, துணி என்றேன். அவர் பீப்பாயைப் பார்த்தார். பிறகு தன் புகைக்குழாயை எடுத்துப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் துணிப்பொதிகள் வெளியே வந்தன. பீப்பாய்கள் செங்கல் அறைக்குள் போயின. கல்யாணமும் நடந்தது. அதிகாரி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கேள்வி. துபாஷியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். உத்தரவில்லாமல் மருந்தைத் தெருவில் சுமந்து சென்றது குற்றமாம். இரண்டு நாளில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே மருந்து மழையிலும் வெயிலிலும் நாலு மாதம் தெருவழியே என் வீட்டுக்கு வந்து போனது மட்டும் யாருடைய உத்தரவு?

அக்கா தன் அடுப்பைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டாள். நான் படகுகளுக்குப் பாய் தைக்கக் கற்றுக்கொண்டேன். விரல்கள் அதற்கும் ஒத்துவந்தன. பெரிய குறையில்லை.

என்னால் தாங்கமுடியாதது ஒன்றுதான். அன்றைக்கு நான் கள்ளுக் குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் கலாட்டா செய்தேன் என்று துபாஷி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். திருப்பாலைவனம் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கிறது. பாய்க்குத் துணி வாங்கப் போன இடத்தில் ஒருவன் என்னைப் பார்த்து, "நீதானே அந்தக் குடிகாரன்?" என்று சிரித்தான். நான் அன்றைக்குக் கள்ளைத் தொடவில்லை. காலையில் பழைய சோறும் ஒரு துண்டு கருவாடும் தின்றிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் இருந்த நாள் வேறு கிடையாது.